கூரை கூடாது என்றார் ஞானதுரை

இன்றைக்கு உங்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்தப் போகிற பேர்வழி அர்த்தக்காரர். கடைக்காரர், வண்டிக்காரர், தோட்டக்காரர் என்கிறோம் அல்லவா, அந்த வரிசையில் இவர் அர்த்தக்காரர். ஊருக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. ஊர் பெரிதாக இருந்தால் தெருவுக்கு ஒருவர். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பொருளை எதிரே வையுங்கள். நீங்களும் நானும் "இது என்ன?" என்போம், அல்லது "என்ன விலை?" என்போம், அல்லது பேசாமல் எடுத்து வாயில் போட்டுக்கொள்வோம். அர்த்தக்காரர் இதில் எதையும் செய்ய மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். துண்டின் நுனியால் துடைப்பார். திரும்ப மாட்டிக்கொண்டு, "சும்மாவா வச்சிருப்பாக?" என்பார்.

அவ்வளவுதான், மாட்டிக்கொண்டீர்கள்.

தபால் பெட்டியின் வாய் ஏன் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது, பஸ்ஸில் டிரைவருக்குத் தனிக் கதவும் கண்டக்டருக்குப் பொதுக் கதவும் ஏன், புதுப் படத்தின் சுவரொட்டியில் கதாநாயகி இடது பக்கம் பார்ப்பதில் இயக்குநர் என்ன சொல்ல வருகிறார், கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளையின் சித்தப்பா பெயர் கடைசி வரிக்குப் போனதில் அந்தக் குடும்பத்தின் எத்தனை வருஷத்துச் சண்டை அடங்கியிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் விளக்கம் தயாராக இருக்கும். அந்தச் சித்தப்பாவே எதிரில் வந்து, "அச்சுக்காரன் விட்டுட்டான், பெறகு கீழ சேத்தான்" என்று சொன்னாலும் அர்த்தக்காரர் மசிய மாட்டார். "அச்சுக்காரன் கையை அப்பிடி விட வச்சது எது?" என்று கேட்பார். சித்தப்பா யோசிக்க ஆரம்பித்துவிடுவார். பாவம், அதுவரைக்கும் அவருக்கு அண்ணன் மேல் ஒரு வருத்தமும் இருந்திருக்காது.

அர்த்தக்காரர் பொய்யர் என்று நினைத்துவிடாதீர்கள். அவர் சொல்லுவதை முதலில் நம்புகிறவர் அவரே. பொய் சொல்லுகிறவனையாவது மடக்கிவிடலாம்; இவரை என்ன செய்வது?

எங்கள் ஊருக்கு வாய்த்த அர்த்தக்காரர் ஞானதுரை அண்ணாச்சி. கம்பத்திலிருந்து காமயகவுண்டன்பட்டி போகிற வழியில் எங்கள் ஊருக்குப் பிரிகிற விலக்கு ஒன்று இருக்கிறது. அந்த விலக்கில் உரக்கடை வைத்திருந்தார். பொட்டாஷ் வாங்கப் போகிறவன் பொட்டாஷோடு மட்டும் திரும்ப முடியாது. மூட்டையின் மேல் அச்சடித்திருக்கிற படத்துக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டுதான் திரும்ப வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேதக் கோயிலில் பாதிரி ஐயர் பிரசங்கத்தில் மூன்று கருத்துச் சொல்லி முடித்தால், அண்ணாச்சி வாசலில் செருப்பு மாட்டுகிற நேரத்தில் ஐயருக்கே நாலாவதைச் சொல்லுவார். இத்தனைக்கும் அவர் மனைவி சுகிர்தம் அம்மாள் எதையும் உள்ளபடி மட்டும் பார்க்கிற மனுஷி. இருவரும் எப்படி இத்தனை காலம் ஒரே வீட்டில் குடித்தனம் நடத்தினார்கள் என்பதற்கு அண்ணாச்சி ஓர் அர்த்தம் வைத்திருந்தார். சுகிர்தம் அம்மாள் அதைக் கேட்கவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விலக்கில் பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு நிழலாக ஒரு பெரிய வாகை மரம் நின்றது. ஒரு ஆடிக் காற்றில் அது வேரோடு சாய்ந்தது. அன்றிலிருந்து எல்லோரும் மொட்டை வெயிலில். எல்லோரையும் விட அதிகமாக வதைபட்டவள் பாண்டியம்மாள். அவள் தோட்டம் தோட்டமாகப் போய்த் திராட்சை எடுத்துக் கூடைகளில் அடுக்கி, பஸ்ஸில் ஏற்றிக் கம்பத்துக்குக் கொண்டுபோய் விற்கிறவள். பஸ் என்றைக்குச் சொன்ன நேரத்துக்கு வந்தது? கூடை வெயிலில் இருக்க இருக்க, பழம் காம்பை விட்டுக் கழன்று உதிர்ந்துவிடும். உதிர்ந்த பழத்தை வியாபாரி தொட மாட்டான். தன் தலையில் கிடக்கிற முந்தானையை எடுத்துக் கூடையை மூடிவிட்டு, வெறுந்தலையோடு நிற்பாள் பாண்டியம்மாள். பஞ்சாயத்து ஆபீசுக்கு நடையாய் நடந்து, பிரசிடெண்டு சுருளியாண்டியிடம் சண்டையாய்ச் சண்டை போட்டு, விலக்கில் ஒரு நிழற்குடை கட்டுவதற்கு ஒப்புதல் வாங்கியவளும் அவளே.

ஒப்புதல் வந்த கொஞ்ச நாளில் தலைவர் காலமானார்.

எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் உங்களில் பாதிப் பேர் படிப்பதை நிறுத்திவிடுவீர்கள், மீதிப் பேர் எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். பெரிய மனிதர், தேசமே அழுதது, எங்கள் ஊரில் அடுப்புப் பற்றவில்லை, அது போதும். நிழற்குடைக்கு அவர் பெயரை வைப்பது என்று பஞ்சாயத்தில் தீர்மானமாயிற்று. "அவுக பேரச் சொல்லி நாலு பேரு நெழல்ல நிக்கட்டும்" என்றார் சுருளியாண்டி. இதைவிட நல்ல பேச்சை அவர் அதற்கு முன்னும் பேசியதில்லை, பின்னும் பேசியதில்லை.

இதோடு விட்டிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் அந்த வருஷம் வியாபாரிகள் சங்கம் வடநாட்டு யாத்திரை ஒன்று ஏற்பாடு செய்தது. ஞானதுரை அண்ணாச்சி சுகிர்தம் அம்மாளோடு டெல்லிக்குப் போனார். அங்கே தலைவருக்குத் தேசிய நினைவுச் சின்னம் எழும்பிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்த்தார். பார்த்தவர் திரும்பி வந்தார்.

வந்த மறுநாளே பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நிழற்குடையாம் நிழற்குடை! அங்கன டெல்லியில என்ன செஞ்சிருக்காக தெரியுமா? நாலு தூணு. மேல கூரை இல்ல."

"ஏன், தளம் போடலையா?" என்றார் சுருளியாண்டி.

"போட மாட்டாக! சும்மாவா விட்டிருப்பாக? தலைவருக்கு மேல யாரு இருக்கா? வானந்தான் இருக்கு. அதுக்காகத்தான் கூரை இல்ல."

கூட்டம் உச்சுக் கொட்டியது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் தொடங்கியது பாருங்கள்: நான்கு தூண்கள் உழவன், தொழிலாளி, படைவீரன், ஆசிரியன் என்றும், நான்கும் ஒன்றையொன்று தொடாமல் நிற்பது அவரவர் சுதந்திரம் என்றும், நடுவில் ஒரு பள்ளம் தோண்டி மூடாமல் விட்டிருக்கிறார்கள், அதுதான் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றும், பக்கத்தில் ஜல்லிக் கற்களைக் குவித்திருக்கிறார்கள், அவை தலைவரின் காலடியில் திரண்ட எளிய மக்கள் என்றும், ஒரு தூணின் மேல் நீளப் பலகை ஒன்று சாய்ந்திருந்தது, அது ஏற்றத்தாழ்வைக் கடந்து மேலே போகிற முன்னேற்றப் பாதை என்றும் அவர் சொல்லச் சொல்ல, கூட்டத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கண் கலங்கிவிட்டது. நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன். பள்ளம் வந்தபோது நானே துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

பாண்டியம்மாள் ஒருத்திக்குத்தான் கண் கலங்கவில்லை. வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, வெயிலுக்கு என்ன செய்யிறது?"

"ஏம்மா, தலைவர் வெயில்ல நடக்கலையா? ஊரு ஊரா நடந்தாகளே!"

"அவுக நடந்தாக. அவுக தலையில திராட்சக் கூடையா இருந்துச்சு?"

கூட்டம் சிரிக்கவில்லை. துக்கத்தில் இருந்தது. கூரை வேண்டும் என்று சொல்லுகிறவன் தலைவருக்கு மேலே ஒருவரை வைக்கிறவன் என்று ஆகிவிட்ட பிறகு யார் வாயைத் திறப்பார்கள்? தீர்மானம் மாறியது. நிழற்குடை நினைவுச் சின்னம் ஆயிற்று.

தூண்களுக்கு எங்கே போவது? சுருளியாண்டி தன் பழைய திராட்சைத் தோட்டத்தைப் பிரித்துப் போட்டிருந்தார். பந்தலைத் தாங்க ஊன்றுகிற கல்லுக்கால்கள் வரப்பில் கிடந்தன. அதில் நல்லதாக நான்கு பொறுக்கிக் கொடுத்தார். கம்பி இழுத்துக் கட்டின தடம்கூட உச்சியில் இருந்தது. "இந்தத் தடம்?" என்று யாரோ கேட்டார்கள். "உழைப்பின் தழும்பு" என்றார் அண்ணாச்சி, யோசிக்கவே இல்லை. நான்கு கல்லை ஊன்றி, சுற்றி மேடை கட்டி, நடுவில் மண் தெரிய ஒரு பள்ளம் விட்டு, பக்கத்தில் ஒரு வண்டி ஜல்லியைக் கொட்டி, தலைவரின் பெயரைக் கல்லில் வெட்டிப் பதித்தார்கள். முன்னேற்றப் பலகைக்கு மட்டும் இரும்பு வாங்கக் காசு இல்லாமல் போயிற்று.

திறப்பு விழாவில் அண்ணாச்சி ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு எல்லா அர்த்தத்தையும் மறுபடி சொன்னார். பெண்கள் பக்கம் முன்வரிசையில் சுகிர்தம் அம்மாள் சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இருந்தவள், "ஏன்க்கா, டெல்லியிலயும் இப்பிடித்தான் மொட்டையா நிக்கிதா?" என்று கேட்டாள். சுகிர்தம் அம்மாளுக்கு மெல்லப் பேசிப் பழக்கமில்லை.

"அங்கன இன்னும் கட்டி முடிக்கலடி. வேலை நடந்துக்கிட்டு இருந்துச்சு. கொத்தனாரு, சித்தாளு எல்லாரும் மத்தியானச் சோத்துக்குப் போயிருந்தாக. எனக்கு நாவறண்டு போச்சு, அந்தப் பள்ளத்துக்குள்ள எறங்கிக் கெடந்த ஒரு ஆளுட்டத்தான் சாடை காட்டித் தண்ணி வாங்கிக் குடிச்சேன். சோறு தின்னுட்டு வந்து அந்தப் பலகையில ஏறித்தான் சித்தாளுக சாந்து கொண்டு போனாளுக."

முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஒலிபெருக்கி ஒரு நொடி நின்றது. ஐயோ, அண்ணாச்சி கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? அர்த்தக்காரரை நீங்கள் இன்னும் புரிந்துகொள்ளவில்லை.

"கேட்டீர்களா!" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "கட்டி முடிக்கப்படாத பணி! தலைவரின் பணி என்றைக்கு முடிந்தது? அது முடியாது! முடியவே முடியாது!"

கைதட்டல் கம்பம் வரைக்கும் கேட்டிருக்கும். சுகிர்தம் அம்மாள் விசிறுவதை நிறுத்தவில்லை.

ஜல்லிக் குவியல் இரண்டு மாதம் தாங்கவில்லை. ஊரில் மூன்று வீட்டுக்குத் தளம் போட்டார்கள், ஒரு தொழுவத்துக்குத் தரை போட்டார்கள். காலியான இடத்தைப் பார்த்து அண்ணாச்சி கொஞ்சமும் கலங்கவில்லை. "மக்கள் தலைவரைத் தங்கள் இல்லத்துக்கே எடுத்துச் சென்றுவிட்டார்கள்" என்றார்.

பாண்டியம்மாள் என்ன ஆனாள்? கூரையில்லாத நான்கு கல்லுக்கால்களுக்கு நடுவில், உழவனின் நிழலிலும் ஆசிரியனின் நிழலிலும் மாற்றி மாற்றிக் கூடையை நகர்த்திக்கொண்டிருந்தாள். கல்லுக்காலின் நிழல் எவ்வளவு அகலம் இருக்கும்? கூடையில் கால்வாசிக்கு வரும். பழம் உதிர்ந்தது. வியாபாரி கூடையைக் காலால் தள்ளினான். ஒருநாள் கம்பத்திலிருந்து திரும்பி வந்தவள், மேடையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நான் பார்த்தேன். எனக்கு அண்ணாச்சி மேல் அன்றைக்கு உண்டான கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இங்கே திராட்சைக்குப் பேர்போன எங்கள் கம்பம் பள்ளத்தாக்கைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். வெளியூர்க்காரர் ஒருவர் நான்கு கல்லுக்காலையும் நடுவில் ஒரு குழியையும் பார்த்தால் என்ன நினைப்பாரோ எனக்குத் தெரியாது. எங்கள் ஊர்க்காரர்கள் அதைப் பார்த்தால், திராட்சை நட மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்கள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது பாண்டியம்மாளுக்கும் அதுதான் தோன்றியிருக்கிறது. மறுநாள் ஒரு கூடை எருவும் ஒரு திராட்சைக் குச்சியும் கொண்டுவந்தாள். ஈடுசெய்ய முடியாத இழப்பில் எருவைக் கொட்டி மூடி, குச்சியை நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். ஆடு கடிக்காமல் இருக்கச் சுற்றி முள் வைத்து அடைத்தாள்.

முள்ளைப் பார்த்த அண்ணாச்சி பதறி ஓடிவந்தார்.

"என்ன பாண்டியம்மா, முள்ளு?"

அவள் சமர்த்து. "ஆடு மாடு ஏறி அசிங்கம் பண்ணுது அண்ணாச்சி. தலைவரு எடமாச்சே!"

அண்ணாச்சி முள்ளைச் சுற்றி ஒருமுறை நடந்தார். முகம் மலர்ந்தது. "சிறைவாசம்!" என்றார். அன்றிலிருந்து, தலைவர் சிறையில் கழித்த ஆண்டுகளின் அடையாளமாக அந்த முள்ளடைப்பையும் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார். அதற்குள் என்ன வளர்கிறது என்று குனிந்து பார்க்கவில்லை. அர்த்தம் கிடைத்த பிறகு பொருளை ஏன் பார்க்கப் போகிறார்?

கொடி கல்லைப் பிடித்து ஏறி, ஆள் உயரத்தைத் தாண்டித் தலையை நீட்டியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. அதற்குள் பாண்டியம்மாள், சுருளியாண்டியிடம் பழைய கம்பி கேட்டு வாங்கி, உச்சித் தடத்தில் சுற்றி நான்கு தூணையும் இணைத்துவிட்டாள். கொடி கம்பியில் படர்ந்து பின்னி, கோடைக்கு முன்னால் ஒரு பந்தலே உருவாகிவிட்டது. அதன் அடியில் கூடையை இறக்கி வைத்தாள். பழம் காம்பிலேயே நின்றது.

அண்ணாச்சி கொதித்துப் போனார். வானத்தை மறைத்துவிட்டாளே! தலைவருக்கு மேலே இலையை வைத்துவிட்டாளே! வெட்டச் சொல்லிப் பஞ்சாயத்தில் முறையிட்டார். "பாப்போம் அண்ணாச்சி" என்றார் சுருளியாண்டி. பஸ்ஸுக்கு நிற்கிற நேரத்தில் அவரும் அதன் அடியில்தான் நின்றார்.

அப்போது தலைவரின் நினைவு நாள் வந்தது. சப் கலெக்டர் நேரில் வந்து மாலை போடப் போகிறார் என்று தகவல். அண்ணாச்சி முடிவு கட்டிவிட்டார். அன்று காலையில் கொடி கழிக்கிற கவாத்துக் கத்தியோடு ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். பாண்டியம்மாள் கூடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"தள்ளு பாண்டியம்மா. தேசியச் சின்னத்தை இப்பிடி விட முடியாது."

அவள் தள்ளவில்லை. "வெட்டுங்க அண்ணாச்சி. வெட்டிப்புட்டு இங்கனயே நில்லுங்க. இந்தக் கூடைய உங்க தலையில வைக்கிறேன். பஸ்ஸு வர்ற வரைக்கும் நில்லுங்க. பெறகு சொல்லுங்க, வெட்டுனது நாயமான்னு."

அண்ணாச்சி ஸ்டூலில் ஏறிவிட்டார். கை தாய்த் தண்டைப் பிடித்துவிட்டது. பாண்டியம்மாள் குரல் உடைந்தது: "ஒரு வருசமா தண்ணி சொமந்தேன் அண்ணாச்சி. இதுவும் போச்சுன்னா நான் பொழப்புக்கு எங்கிட்டுப் போவேன்?"

அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது. சப் கலெக்டர் இறங்கினார். சின்ன வயது, வடக்கத்திப் பையன், புத்தகத்தில் பழகிய தமிழ். வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். பந்தலுக்கு அடியில் வந்ததும் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். மேலே பார்த்தார். பிஞ்சுக் கொத்துகள் தொங்கின.

"மிக அழகு! நான் எங்கேயும் இப்படி ஒரு நினைவுச் சின்னம் பார்த்தது இல்லை. இதற்கு என்ன அர்த்தம்?"

சுருளியாண்டி பாண்டியம்மாளைப் பார்த்தார். பாண்டியம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தாள். அண்ணாச்சி ஸ்டூல் மேலே, ஒரு கையில் கத்தி, ஒரு கையில் தண்டு. ஒரு கேள்வி, அதுவும் அதிகாரி வாயிலிருந்து, அதுவும் அர்த்தம் என்ன என்ற கேள்வி! குடிகாரன் முன்னால் கள்ளுப் பானையை வைத்த மாதிரி ஆகிவிட்டது. அவர் உதடு துடித்ததை நான் பார்த்தேன்.

"சும்மாவா வச்சிருப்போம், சார்?" என்றார்.

கேட்டுக்கொள்ளுங்கள்: மண்ணில் ஊன்றிய ஒரே வேர் தேசம், பிரிந்து போகிற கிளைகள் மாநிலங்கள், கம்பி அரசியல் சட்டம், தூணுக்குத் தூண் கைகோத்துக்கொண்டது ஒற்றுமை, ஈடுசெய்ய முடியாத இழப்பிலிருந்தே மக்கள் புதிய உயிரை எழுப்பிவிட்டார்கள், கொத்துக் கொத்தாகத் தொங்குவது ஐந்தாண்டுத் திட்டங்களின் பலன். சப் கலெக்டர் மயங்கிப் போனார். "உங்கள் கையில் கத்தி?" என்று கேட்டார். "கவாத்து, சார். நிர்வாகச் சீர்திருத்தம்" என்றார் அண்ணாச்சி, கண் இமைக்காமல்.

மாலை போட்டார்கள். போகும்போது சப் கலெக்டர் சுருளியாண்டியிடம், "இதில் ஓர் இலையைக்கூட யாரும் தொடக் கூடாது. நன்றாகப் பராமரியுங்கள்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். அன்றிலிருந்து அந்தக் கொடிக்கு யார் காவல் என்கிறீர்கள்? அண்ணாச்சிதான். ஒரு சுருள் வாடினாலும் உரக்கடையிலிருந்து மருந்து எடுத்துக்கொண்டு ஓடி வருவார். கூரையைப் பறித்த நோயே கூரையைக் கொடுத்தது; எனக்கிருந்த கோபம் எங்கே போயிற்று என்று எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒருநாள் பந்தலுக்கு அடியில் பஸ்ஸுக்கு நின்றபோது பாண்டியம்மாளிடம் நான் கேட்டேன்: "ஏன் ஆத்தா, உண்மையச் சொல்லு. இதுக்கு என்னதான் அர்த்தம்?"

"பழம் உதிரல" என்றாள். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. ஆனால் உங்கள் முகம் ஏன் இப்படிக் கனிந்து போகிறது? ஆகா, என்ன பதில், பழம் என்றால் பழமா, உதிராதது மக்கள் அல்லவா, அந்தக் கொடிதானே உண்மையான நினைவுச் சின்னம் என்று பக்கத்தில் இருக்கிறவரிடம் சொல்ல உங்களுக்கு நாக்கு ஊறுகிறதே, இல்லையா? மறைக்காதீர்கள். அண்ணாச்சிக்கு வயதாகிவிட்டது. தனக்கப்புறம் ஊருக்கு ஆள் இல்லையே என்று கவலைப்படுகிறார். கம்பத்தில் இறங்கி விலக்குக்கு டிக்கெட் கேளுங்கள். உரக்கடையில் உங்களை அவர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார்.